கயிற்றைத் தொட்டவருக்குப் பங்கு உண்டு

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பாறசாலையில் என் வீட்டு வாசலில் நெய்யாற்றின்கரை பஸ்ஸின் கண்டக்டர் வந்து நின்றார். "சாரே, வேலாயுதன் வக்கீல் தீந்துபோனாரு. காப்பி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவரு, அப்படியே போயிட்டாராம்" என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முந்திய வெள்ளிக்கிழமை தொடங்கிய தர்க்கம் ஒன்று எங்களுக்குள் பாதியில் நின்றிருந்தது. அதை முடிக்காமல் அவர் போனது முறையல்ல.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல்களாக இருந்தோம். அது எல்லைப் போராட்டம் நடந்த காலம். தமிழ் பேசும் தென் தாலுகாக்களை எல்லாம் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டவர்களில் நான் ஒருவன். நெய்யாற்றின்கரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றவர் அவர். இத்தனைக்கும் அவர் வீட்டில் பேசியதும் தமிழ்தான். என் வீட்டில் பாதி மலையாளம். கோர்ட்டுக்கு எதிரே இருந்த சாயாக்கடையில் தினமும் எங்கள் சண்டை நடக்கும். நான் மேசையைத் தட்டுவேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஓய், ஊரு எந்தப் பக்கம் போனாலும் உம்ம தொண்டை உம்மகூட வரும். அதைக் கொஞ்சம் பாத்துக்கிடும்" என்பார்.

போராட்டம் சூடு பிடித்ததும், ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக்கூடாது என்று தடை உத்தரவு வந்தது. கூட்டம் போட முடியாததால் நான் ஊர் ஊராக நடந்து ஆட்களைப் பார்த்தேன். அப்படித்தான் ஒரு நாள் காலை காரோடு என்ற ஊருக்குப் பக்கத்துக் கடற்கரைக்குப் போனேன். அங்கே கரமடி வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து இறக்கி, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இழுப்பார்கள். ஒரு கயிற்றுக்கு ஒரு கூட்டம், மறு கயிற்றுக்கு இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் ஒத்து இழுத்தால்தான் வலை நேராக வரும். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு: யார் வந்து கயிற்றைத் தொட்டாலும் மீனில் அவருக்குப் பங்கு. கை கட்டி நிற்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டே எல்லைப் பிரச்சினையையும் பேசினேன்.

போலீஸ் வந்து, நான் நின்ற கயிற்றுக்காரர்கள் அத்தனை பேரையும் வண்டியில் ஏற்றியது. மறு கயிறு மட்டும் இழுபட்டதில் வலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "எலே, மடி கோணிப்போச்சே! மீனெல்லாம் போச்சே!" என்று வண்டிக்குள் இருந்து, கயிற்றுக்காரர்களில் மூத்தவரான மரியதாசன் தலையில் அடித்துக்கொண்டார். தன்னைப் பிடித்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் வேலாயுதன் வக்கீல் ஸ்டேஷனுக்கு வந்தார். இன்ஸ்பெக்டருக்கு அவரைத் தெரியும். "உங்க கூட்டுக்காரரை மட்டும் கூட்டிட்டுப் போங்க சாரே. மத்தவங்க கிடக்கட்டும்" என்றார். சட்டென்று எழுந்து போய்விட என் கால்கள் துடித்தன. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? அவரோ பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"உத்தரவு போட்டது ஒரு ஆளு. பிடிச்சது நிங்க. குற்றம் உண்டா இல்லியாண்ணு சொல்லதுக்குக் கோர்ட்டுல வேற ஒரு ஆளு உண்டு. மூணு வேலையும் நிங்களே செய்தா, எனக்கு என்ன வேலை? ஒரு நாளுக்குள்ள எல்லாரையும் மாஜிஸ்ட்ரேட்டுக்க முன்ன கொண்டு நிறுத்தணும். வக்கீலுக்கு ஒண்ணு, வலைக்காரனுக்கு ஒண்ணுண்ணு அரசியல் சாசனத்துல எழுதல்ல."

"இவரு உங்களுக்கு எதிராளியில்லியா?"

"ஆமா, எதிராளியாக்கும். எனக்கு நாளைக்கும் தர்க்கம் பண்ண ஆளு வேணும்."

மறுநாள் கோர்ட்டில் போலீஸ் தரப்பு, அது அரசியல் கூட்டம், வலை வெறும் சாக்கு என்றது. அது நிலைத்தால் என்னோடு அத்தனை பேரும் ஜெயிலுக்குப் போக வேண்டும். அவர்கள் வீடுகளில் உலை ஏறாது. எங்களுக்காக வாதாடிய வேலாயுதன் வக்கீல் மரியதாசனிடம் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்த வக்கீல் அங்க பேசினாரா?"

"பேசினாரு. வாய் ஓயல்ல."

கோர்ட்டே சிரித்தது.

"கயிறு இழுத்தாரா?"

"இழுத்தாரு. கொஞ்சம் மோசமாட்டுத்தான்."

"அவருக்குப் பங்கு உண்டா?"

"தொட்டா பங்கு உண்டு சாரே. வக்கீலானாலும் உண்டு. அண்ணைக்கு மீனுதான் இல்லாமப் போச்சு."

பிறகு மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்து அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: "ஐந்து பேர் இழுத்தால் இந்த வலை கரைக்கு வராது. தொழிலை நிறுத்தச் சொல்லி உத்தரவு இல்லை. இவர் சொல்லும் கருத்து தவறு என்று நான் தினமும் சொல்லி வருகிறேன். ஆனால் தவறான கருத்தைப் பேசிக்கொண்டே வலை இழுப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்?"

எல்லோரையும் விட்டுவிட்டார்கள். மறுமுறை வலை வந்தபோது அவருக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்தார்கள். "கயிறு தொடாதவனுக்கு என்ன பங்கு?" என்று அவர் வாங்க மறுத்துவிட்டார்.

பின்னால் எல்லை முடிவானது. தெற்கே சில தாலுகாக்கள் பிரிந்து சென்னை மாநிலத்தோடு போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அவர் வென்றார், நான் தோற்றேன். சாயாக்கடைப் பக்கம் போகப் பிடிக்காமல் ஒரு நாள் கடற்கரைக்குப் போய்க் கயிற்றைப் பிடித்து நின்றேன். சற்று நேரத்தில் எனக்கு முன்னால் இரண்டு கைகள் வந்து அதே கயிற்றைப் பற்றின. செருப்பைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு அவர் நின்றார்.

"ஓய், செயிச்சவனுக்குக் கவர்மென்டு போதும். தோத்தவனுக்காக்கும் சட்டம் வேணும். இனி உமக்கு ஒண்ணுண்ணா நான் வாறேன். இப்ப ஒழுங்கா இழும்."

அன்று அவர் தன் பங்கு மீனை ஓலையில் பொதிந்து, ஒரு சிறுபிள்ளையின் பெருமையோடு வீட்டுக்கு எடுத்துப் போனார். அந்த முதுகை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தகனத்துக்கு மரியதாசனின் மக்கள் வந்திருந்தார்கள். அவருக்காக அன்று கரையில் வலை இறக்கவில்லை என்றார்கள். வேலாயுதன் வக்கீலே, போய் வாரும். எல்லை விஷயத்தில் நீர் சொன்னது சரியென்று இப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நாளைக் காலை சாயாக்கடையில் அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன், ஓய்?