மியூட் ஆகாத ஒரு நிமிடம்

ஹோஸ்டிங் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அது. வாடிக்கையாளர்களின் இணையதளங்களில் வரும் கோளாறுகளை, சோளக்காடு என்னும் எங்கள் மலையூரில், வீட்டிலிருந்தபடியே சரிசெய்யும் வேலை. நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண்மணி, தன் தளத்தில் ஒரு படம் காணவில்லை என்று அழைத்தார். படத்தை மட்டும் மீட்காமல், போன வாரம் சேமித்துவைத்த பேக்கப் நகல் முழுவதையும் தளத்தின் மேல் ஏற்றிவிட்டேன். இந்த வாரம் வந்திருந்த ஆர்டர்கள் அத்தனையும் அழிந்துபோயின.

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க” என்று மியூட்டை அழுத்தினேன். பக்கத்தில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், “எல்லாத்தையும் அழிச்சுப்போட்டேன்மா. சர்வர் கோளாறுன்னு சொல்லிரப் போறேன். நெசத்தச் சொன்னா வேலை போயிரும்” என்றேன்.

அம்மா வாய் திறப்பதற்குள் ஹெட்செட்டில் குரல் வந்தது.

“கண்ணு, நீ பேசுனது எனக்குக் கேட்டுருச்சு.”

அழுத்தியும் மியூட் ஆகியிருக்கவில்லை.

“ஆர்டரெல்லாம் எனக்கு மெயில்லயும் வந்திருக்குது. நான் ஒவ்வொண்ணா வாசிக்கறேன், நீ ஏத்து சாமி. அதுக்கு முன்னால, உங்கம்மாகிட்டச் சொன்னத எங்கிட்டயும் ஒருக்காச் சொல்லிப்போடு.”

சொன்னேன். மாலையில் மேலாளருக்கும் நானே எழுதினேன். வேலை போகவில்லை.

இன்றும் மியூட்டை அழுத்துகிறேன். அழுத்திய பிறகும், மறுமுனையில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே பேசுகிறேன்.