ஒன்பதாம் படி

மாரிகீனா சந்தையில் லிகாயா இருபத்தாறு வருடமாகப் பால்கெண்டை மீன் விற்கிறாள். காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் வேறு விலை என்பது சந்தையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் லிகாயா வெறுமனே விலையைக் குறைக்க மாட்டாள். பத்து மணிக்கு மேல் மிச்சமிருக்கும் மீன்களின் முதுகைக் கீறி, முள்ளை எடுத்து, வினிகரும் பூண்டும் தடவி வரிசையாக அடுக்கிவிடுவாள். காலையில் வீட்டுப் பெண்கள் வேண்டாம் என்று போனதை மதியம் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் கேட்டு வாங்கிப்போவார்கள். வாங்குகிற ஆள் மாறினால் மீனையும் அதற்குத் தகுந்த மாதிரி வைக்க வேண்டும். யோசிக்காமலே அவள் கை அதைச் செய்யும்.

வீட்டை விற்கப் போனபோது மட்டும் அந்தக் கைக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

அவர்கள் வீடு ஆற்றிலிருந்து நாலாவது தெரு. கீழே ஒரு கூடம், மேலே இரண்டு அறை, நடுவில் ஏணி மாதிரி நெட்டுக்குத்தாகப் பதின்மூன்று படிகள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் ஊருக்கு அபாயச் சங்கு ஊதும். முதல் சங்குக்குச் சாமான்களை மூட்டை கட்டுவார்கள். இரண்டாவதுக்கு மாடி ஏறுவார்கள். குளிர்பதனப் பெட்டியைக்கூட முதுகில் சுமந்து மேலே ஏற்றிவிடுவான் அவள் கணவன் செனோன். பேருந்து ஓட்டுநர், எருது மாதிரி உடம்பு. தண்ணீர் நின்றதும் படியில் உட்கார்ந்து, அது தொட்ட உயரத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் புயலின் பெயரை எழுதுவான். ஓண்டோய், யுலிசஸ், கரீனா. பிள்ளைகள் இல்லாத வீட்டில் சுவரில் உயரம் குறிக்க அவனுக்குக் கிடைத்தது வெள்ளம்தான்.

போன நவம்பரில் செனோனுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சும் பாதி போயிற்று. கூடத்தில் கட்டில் போட்டார்கள். மாடிக்குக் கூட்டிப்போக முடியுமா என்று லிகாயா ஒருநாள் முயன்று பார்த்தாள். மூன்றாவது படியில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் ஒருவரையொருவர் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து தூக்கி இறக்கினார்கள்.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். ஜூன் மழைக்கு முன்னால் இந்த வீட்டை விற்க வேண்டும். ஆன்டிபோலோ மேட்டில் அவள் தங்கை ஒரு தளவீடு பார்த்து வைத்திருந்தாள், படியே கிடையாது. அந்த வீட்டுக்காரர் மே கடைசிவரை காத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் விற்காவிட்டால், இரண்டாவது சங்கு ஊதும்போது செனோன் கீழே கிடப்பான்.

தரகு வேலை பார்க்கும் ஜோவி, லிகாயாவிடம் மீன் வாங்குகிறவள்தான். ஜனவரியில் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். படிச்சுவரைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"அக்கா, தண்ணிக் கோடு இருந்தா, வர்றவன் வீட்டைப் பாக்க மாட்டான். கோட்டைத்தான் பாப்பான்."

லிகாயா இரண்டு பூச்சு வெளிர்மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். செனோன் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அன்று இரவு கஞ்சியைத் தொடவில்லை.

பிப்ரவரியில் ஆட்கள் வந்தார்கள், எல்லாம் வெளியூர்க்காரர்கள். கால் சென்டரில் வேலை பார்க்கும் ஓர் இளம் ஜோடி நாற்பத்திரண்டு லட்சம் பேசோ தருவதாகச் சொன்னது. எதிர்வீடு இரண்டு வருடத்துக்கு முன்னால் நாற்பத்தெட்டுக்குப் போயிருந்தது. காத்திருக்கலாம் என்றாள் ஜோவி. லிகாயாவும் காத்திருந்தாள். அதற்குள் நெடுஞ்சாலையோரம் விற்காமல் கிடந்த அடுக்குமாடி ஃப்ளாட்டுகளை முன்பணமே வேண்டாம் என்று கூவி விற்க ஆரம்பித்தார்கள். குளிர்பதனப் பெட்டி இலவசம். அந்த ஜோடி அங்கே போய்விட்டது. அவர்களைப் போன்ற எல்லோரும் போய்விட்டார்கள். மார்ச்சில் ஒருவரும் வரவில்லை. நாற்பத்தெட்டாக இருந்த விலையை நாற்பத்தைந்தாக்கினாள், பிறகு நாற்பத்திரண்டாக்கினாள். அந்த வீட்டுக்கு என்ன கோளாறோ என்று தெருவில் பேச்சுக் கிளம்பியதுதான் மிச்சம்.

"இப்ப வர்றதுன்னா நம்ம ஊர்க்காரங்கதான்க்கா வருவாங்க" என்றாள் ஜோவி. "வாடகை வீட்ல இருக்கறவங்க. ஃப்ளாட்ல டிரைசைக்கிள் நிறுத்த முடியாதவங்க, நாய் வளக்கறவங்க."

ஏப்ரலில் அப்படி ஒருவர் வந்தார். பாலத்தடியில் பஞ்சர் ஒட்டுகிறவர். அவர் அறைகளைப் பார்க்கவில்லை. நேராகப் படிக்குப் போய்ச் சுவரைக் கையால் தடவினார்.

"புது பெயிண்டு. தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?"

லிகாயாவின் வாய் முந்திக்கொண்டது. "முட்டி வரைக்கும்."

அந்த மனிதர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "என்னக்கா, உங்க வாசலுக்கு வந்ததும் ஆறு குனிஞ்சு போச்சா? எதிர்வீட்ல கூரை ஓட்டுக்கு வந்துச்சே."

போகும்போது செனோனின் கட்டிலருகே நின்று, உடம்பு எப்படி இருக்கிறது என்று மரியாதையாக விசாரித்துவிட்டுத்தான் போனார். அதுதான் லிகாயாவுக்கு இன்னும் சுட்டது.

மறுநாள் சந்தையில் ஒரு பெண் மீனைக் கையிலெடுத்துத் தயங்கினாள். அவள் கேட்பதற்கு முன்பே லிகாயாவின் விரல் செவுளைத் தூக்கிக் காட்டிவிட்டது. உள்ளே ரத்தச் சிவப்பு. அந்தப் பெண் இரண்டு மீன் வாங்கிப் போனாள். லிகாயா அடுத்த ஆளைக் கவனிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் செவுளை மூடி வைத்து விற்றதில்லை. இந்த ஊர்க்காரனிடம் வீட்டை விற்கப் போய், முதல் வேலையாக அதைத்தான் மூடியிருக்கிறாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையிலிருந்து செனோனின் தடித்த பென்சிலைத் தேடி எடுத்தாள். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, படிக்கு நேராக இழுத்துப் போட்டாள்.

"ஓண்டோய் எது வரைக்கும்? எனக்கு மறந்துபோச்சு."

செனோன் பென்சிலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "ஏறு" என்றான்.

ஐந்தாவது படியில் நின்று திரும்பினாள். "இன்னும்" என்றான். ஏழாவதில் நின்றாள். "இன்னும்." ஒன்பதாவதில் கால் வைத்ததும் அவனுடைய இடது கை உயர்ந்தது.

"அங்க. நீ பத்துல உக்காந்திருந்த. அரிசிப் பானை… மடியில."

"அதை இன்னுமா ஞாபகம் வச்சிருக்க?"

"அழுத."

"அழல. தண்ணி தெறிச்சுது."

செனோனின் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. நவம்பருக்குப் பிறகு அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. யுலிசஸுக்கு எட்டாவது படி, கரீனாவுக்கு நாலாவது படி. பெயர்களை எழுதும்போது எழுத்து கோணலாக இருக்கிறது என்று கீழேயிருந்து இரண்டு தடவை அழிக்கச் சொன்னான். அவளும் அழித்து எழுதினாள்.

மறுநாள் வாசல் பலகையில் இருந்த 'அமைதியான இடம், பள்ளிக்கு அருகில்' என்பதன்மேல் வெள்ளை அடித்து வேறு எழுதினாள்: 'விற்பனைக்கு. ஓண்டோய் ஒன்பதாம் படி. யுலிசஸ் எட்டு. கரீனா நாலு. மாடி ஒருமுறைகூட நனையவில்லை.'

ஜோவி ஓடிவந்தாள். "அக்கா, இது வீடு விக்கிற போர்டா, வெள்ள அபாய போர்டா?"

"இங்க வாங்கறவன் வேற எதைக் கேக்கறான், சொல்லு."

தெருவில் சிரித்தார்கள். பலகையைப் படம் பிடித்து அனுப்பினார்கள். ஜோவிக்கு அந்த வாரம் முழுக்கக் கேலி. ஆனால் படம் ஆற்றங்கரை வரை போயிருந்தது. சனிக்கிழமை பகலில் கிளாரிட்டா வந்தாள். ஆற்றுக்கு மிக அருகே, முதல் தெருவில், வாடகை வீட்டில் இருந்து கஞ்சி விற்கிறவள். கப்பலில் வேலை பார்க்கும் தம்பி வீடு வாங்கப் பணம் அனுப்பி ஒரு வருடமாகியும் அவள் எந்த வீட்டையும் நம்பவில்லை.

அவள் ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுக்கொண்டே ஏறினாள். பத்தாவது படியில் உட்கார்ந்தாள். ஓண்டோய் கோடு அவள் பாதத்துக்குக் கீழே இருந்தது. ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"இந்தத் தண்ணிக்கு எங்க வீட்ல கூரையே தெரியலக்கா" என்றாள் கடைசியில். "ரெண்டு நாள் பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி மேல உக்காந்திருந்தோம். மாடித் தரை கஞ்சி அண்டாவைத் தாங்குமா?"

லிகாயா வாய் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

"தாங்கும். ஃபிரிட்ஜ் ஏத்தியிருக்கேன். முதுகுல."

கிளாரிட்டா இறங்கிவந்து அவன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். படிகளில் எது ஆடும், எந்தப் பக்கம் ஒழுகும் என்று அவனிடமே கேட்டாள். அவனும் திக்கித் திக்கி ஒவ்வொன்றாகச் சொன்னான். விலை முப்பத்தெட்டு லட்சத்தில் படிந்தது. பிப்ரவரியில் வந்ததைவிட நாலு லட்சம் குறைவுதான். மேட்டு வீட்டுக்கு அது போதும். கிளாரிட்டா கடைசியாக ஒன்று கேட்டாள்: படிச்சுவரில் யாரும் பெயிண்ட் அடிக்கக் கூடாது, அந்தப் பென்சிலையும் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

மே கடைசி வாரம் அவர்கள் ஆன்டிபோலோவுக்குப் போனார்கள். அங்கே சங்கு கேட்காது. செனோன் குச்சியை ஊன்றி வாசல்வரை தானே நடந்தான்.

ஜூலையில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் மத்தியானம் கிளாரிட்டாவிடமிருந்து ஒரு படம் வந்தது. அதே படிச்சுவர், இரண்டாவது படிக்கு மேலே புதுக் கோடு. மாடியில் அண்டா வைத்துத் தெருவுக்கே கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பதாகவும் எல்லோரும் நலம் என்றும் எழுதியிருந்தாள்.

லிகாயா படத்தைச் செனோனின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"பேரு எழுதலியே" என்றான்.

அவள் உடனே கிளாரிட்டாவைக் கூப்பிட்டாள். கேட்டுவிட்டு அவனிடம் திரும்பினாள். "இது புயல் இல்லையாம். வெறும் மழையாம். பேரு வைக்கலையாம்."

செனோன் யோசித்தான்.

"அப்ப தேதியாவது எழுதச் சொல்லு" என்றான்.