யோகண்ணை யாருக்காக எழுந்து நின்றார்

லொங்குய்ய் மெத்ரோ நிலையத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது யோகண்ணையின் மனைவி கமலா அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, இவர் போயிட்டார்," என்றார். அடுத்த கிழமை வீட்டுக்கு விடுவார்கள் என்று முதல்நாள் மாலைதான் யோகண்ணை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி என்னிடம் சொல்லியிருந்தார். பஸ் வந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாரதி என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை என்று கண்டதும் போய்விட்டார்.

யோகராசா என்ற யோகண்ணையை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் கடைசிவரை அவரோடு கோபமாகவே இருந்தீர்கள். அந்தக் கோபத்தை விட்டுவிடச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. அவரே கேட்டதில்லை. ஆனால் செத்த பிறகு அவரைத் தங்கள் ஆள் என்று உரிமை கொண்டாட இரண்டு பக்கமும் வரிசையில் நின்றதைப் பார்த்த பின் பேசாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர் நாட்டில், லாசாலில் உறைந்த உணவுகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில்தான் அவரை முதலில் கண்டேன். நாங்கள் அங்கு வேலை செய்த தமிழர்கள் அநேகமாக எல்லோரும் யாழ்ப்பாணத்தவர்கள். அவர் மட்டும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையைச் சேர்ந்தவர். 'பிறகு' என்பதற்கு நாங்கள் 'பேந்து' என்றால் அவர் 'மறுகா' என்பார். 'மகனே' என்பது அவர் வாயில் 'மனே' ஆகும். அவர் வந்த புதிதில், சாப்பாட்டு அறையில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "மட்டக்களப்போ? வசியம் செய்து வந்தவனைப் பாயோட ஒட்ட வைக்கிற ஆக்களெல்லே, கவனமா இருங்கோ," என்றார். யோகண்ணை சோற்றைப் பிசைவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "ஓம் மனே, ஒட்டின உங்கட ஆக்கள் எங்கட ஊரில நிறையப் பேர். பாயில பிழை எண்டா எழும்பிப் போயிருக்கலாமே. ஒருத்தரும் போகல்ல." அறை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சொன்னவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

அவருடைய தம்பி குணத்தைப் பற்றி நெடுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. மீசை அரும்பும் முன்னரே இயக்கத்துக்குப் போனவன். வடக்கில் பல சண்டைகளில் நின்றவன். பிறகு இயக்கம் வடக்கு என்றும் கிழக்கு என்றும் உடைந்து, ஒரே சீருடை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் சுட்ட நாள்கள் வந்தன. அதில் குணம் வடக்கிலிருந்து வந்தவர்களின் சூட்டில் விழுந்தான். சாவு வீட்டுக்குக்கூட அயலவர்கள் வரப் பயந்தார்களாம். "எதிரி சுட்டிருந்தா வீரன். உங்கட ஆக்கள் சுட்டதால துரோகி. சுட்டவனப் பொறுத்தா செத்தவன்ட பேர் மாறும்?" என்று ஒருநாள் காரில் வரும்போது கேட்டார்.

எங்களோடு வேலை செய்த நிமால் என்ற சிங்களவர் அவருக்கு நல்ல நண்பர். இருவரும் சிங்களத்தில் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். ஒரு பெப்ரவரியில், புரோசார்ட்டில் ஒரு மண்டபத்தில் இலங்கையின் சுதந்திர தினத்தைக் கொண்டாடப் போவதாகவும், கிழக்குத் தமிழராக யோகண்ணை வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றும் நிமால் கேட்டார். போர் முடிந்துவிட்டது, இனி எல்லோரும் ஒரே நாட்டவர் என்று அவர் உண்மையாகவே நம்பினார். யோகண்ணைக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான்தான் கூட்டிப்போனேன்.

கொடி ஏற்றி, தேசிய கீதம் தொடங்கியதும் மண்டபமே எழுந்தது. முன் வரிசையில் யோகண்ணை மட்டும் கதிரையில் இருந்தார். கைகளை மடியில் வைத்து, கொடியை நேராகப் பார்த்தபடி இருந்தார். நான் பின்னால் கோட்டுகள் மாட்டியிருந்த இடத்தில் நின்றிருந்தேன். கீதம் முடிந்ததும் நிமால் முகம் சிவந்து அவரிடம் வந்தார். "என் அண்ணன் இராணுவத்தில் இந்தக் கொடிக்காகத்தான் செத்தான், யோகா. உனக்குத் தெரியும்," என்றார்.

நிமால் சொன்னதையும் தான் சிங்களத்தில் சொன்ன பதிலையும் திரும்பி வரும்போது யோகண்ணைதான் எனக்குத் தமிழில் சொன்னார். அவருடைய பதில் இது: "கொடிக்கு எழும்ப மாட்டன், நிமால். அதப் பிடிச்சுக்கொண்டு வந்தவங்கள்தான் எங்கட ஊர எரிச்சவங்கள். உன்ட அண்ணனுக்கு எழும்பச் சொல்லு, எழும்புறன்." சொல்லிவிட்டு அவர் எழுந்ததையும், தலை குனிந்து நின்றதையும் நான் கண்ணால் பார்த்தேன். நிமாலும் பக்கத்தில் நின்றார். மண்டபத்தில் மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. பேச்சு நடக்கவில்லை. அதன் பிறகு நிமால் பல கிழமைகள் அவரோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் இடைவேளையில் இரண்டு தேநீரோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

சுதந்திர தின விழாவில் எழும்பாமல் இருந்த கதை எங்கள் ஆட்களிடையே பரவியது. முன்பு அவரைக் கண்டும் காணாமல் போனவர்கள் கைகொடுத்தார்கள். இயக்கத்தில் மாண்டவர்களின் நினைவு நாளை ஒழுங்குசெய்யும் செல்வம் வீட்டுக்கே வந்து, "அண்ணை, இந்த முறை நீங்கள்தான் சுடர் ஏத்த வேணும்," என்றார்.

"ஏத்துறன். மற்றப் படங்களோட என்ட தம்பிர படத்தயும் வையுங்க."

செல்வம் தயங்கினார். "அது சரிவராது அண்ணை. அவையள் காட்டிக் குடுத்த பக்கம் நிண்டவை. சனம் ஏற்காது."

"அவன் செத்த விதம் உங்களுக்குப் பிடிக்கல்ல எண்டா, அவன் சாகல்ல எண்டு ஆகிடுமா? நான் அண்டைக்கு எழும்பாம இருந்தது உங்களுக்காக எண்டு நினைச்சீங்களோ? தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க தம்பி."

நினைவு நாளன்று அவர் குணத்தின் படத்தோடு போனார். வாசலில் மறித்தார்கள். சத்தம் போடாமல், கார்கள் நிறுத்துமிடத்தில், பனிக்குள், படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிகழ்ச்சி முடியும்வரை நின்றார். வெளியே வந்த சனம் அவரைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. சிலர் முகத்தைத் திருப்பினார்கள். ஒருவர் காறித் துப்பினார். வன்னியில் இரண்டு பிள்ளைகளை இழந்த ஒரு தாய் மட்டும் கையில் மிஞ்சியிருந்த பூவைப் படத்தின் சட்டத்தில் செருகிவிட்டு நடந்தார். அடுத்த வருடமும் யோகண்ணை போனார். அதற்கடுத்த வருடமும் போனார். "குளிருதெண்டு வீட்டில இருந்தா, அவங்கள் சொன்னது சரியெண்டு ஆகிடும் மனே," என்பார். ஒருபோதும் உள்ளே விடவில்லை.

இறுதிச் சடங்கு நடந்த இடத்துக்குச் செல்வம் இயக்கத்தின் கொடியை மடித்து எடுத்து வந்திருந்தார். அவர்கள் வெளியிட்ட மரண அறிவித்தலில் 'தேசப்பற்றாளர்' என்று போட்டிருந்தார்கள். நிமாலோடு வந்த விழாக் குழுவினர் ஒருவர், 'தாய்நாட்டை நேசித்த இலங்கையர்' என்று எழுதிய மலர்வளையத்தோடு தங்கள் கொடியையும் கொண்டு வந்திருந்தார். நிமாலே அவரைத் தடுத்துப் பார்த்தார். பெட்டிக்கு இருபுறமும் இரண்டு கொடிகள் காத்து நின்றன. கமலா அக்கா எழுந்தார்.

"ரெண்டையும் கொண்டு போங்க. இவருக்குக் குளிரல்ல," என்றார்.

கொடிகள் போயின. பெட்டியின்மேல் அவருடைய பெயர் மட்டும் இருந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அக்கா குணத்தின் படத்தை ஒரு துணியில் சுற்றி என் கையில் தந்தார். அன்று பின்னேரமே செல்வத்தை அழைத்து, இந்த வருடம் படத்தோடு நான் வருவேன் என்றேன்.

"நீங்கள் எங்கட ஆள் அண்ணை. உங்களுக்கேன் இந்த வேலை?"

"ஓம், உங்கட ஆள்தான். அதாலதான் வாறன்," என்றேன்.

யோகண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான்: எங்கள் ஆட்கள் சுட்டுக் கொன்ற ஒருவனின் முகமும், அதை எங்கள் ஆட்களிடமே கொண்டுபோகும் பிடிவாதமும். உள்ளே விடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பனிக்கு ஏற்ற நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கி வைத்திருக்கிறேன்.