தட்டா, பெட்டியா, பன்னீர்ச் செம்பா?

பாட்டுப் போடுகிறவன் கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; ஆட்டாவிட்டால், பாட்டு தானாக ஓடுகிறது, இவன் பந்திக்குக் காத்திருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிடும். கல்யாண மண்டபத்து மூலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்து பாதிக் காதைத் தொலைத்துவிட்ட என் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது எழுபத்தொன்று. சங்கரன்கோவிலில் மைக்செட் வைத்திருக்கிறேன். இப்போது அதற்கு டிஜே என்று பெயர். நான் பொய் சொல்வதில்லை. சில இடங்களில் கொஞ்சம் வால்யூமைக் கூட்டுவேன், அவ்வளவுதான். எந்தெந்த இடம் என்று என் மனைவி கோமுவிடம் கேட்டால் விரல் விட்டுச் சொல்லுவாள்.

மஞ்சள் பை

மேலநீலிதநல்லூரில் ஒரு காதுகுத்து. வெறும் காதுகுத்து இல்லை. என் பேத்தி பிரியாவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையின் அக்கா பிள்ளைக்கு. சம்பந்தி வீட்டு விசேஷம் ஆயிற்றே என்று புதுச் சட்டை போட்டு, மேசைக்கு விரிப்பு விரித்து, லேப்டாப்பை நடுவில் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, டொக் டொக்கென்று அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தால் எதிரே ஓர் அம்மாள். கையில் மஞ்சள் பை, பைக்குள் பாலிதீன் கவர், கவருக்குள் ரேஷன் கார்டு. அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், வரிசையாக. (வால்யூமைக் கூட்டினால் பதினாலு பேர்.) மாப்பிள்ளைக்கு அத்தை முறை, பெயர் ஆவுடையம்மாள். “என்ன பாட்டும்மா வேணும்?” என்று கேட்டேன். அவர் கட்டை விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார்: “அண்ணாச்சி, எனக்கு ஆதார்ல கைரேகை விழ மாட்டேங்கு. மூணு தடவ அலைஞ்சிட்டேன். நீங்களாவது பாத்துப் போட்டு விடுங்க.”

பேத்தியின் தீர்ப்பு

இந்தக் கூத்தை பிரியா மாப்பிள்ளையோடு நின்று பார்த்துவிட்டாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற பெண். மறுநாள் காபி குடித்துக்கொண்டே, தை மாதம் நடக்கப்போகும் தன் ரிசப்ஷனுக்கு மதுரையிலிருந்து டிஜே கூப்பிட யோசிப்பதாக மெதுவாகச் சொன்னாள். அந்த டிஜே நின்றுகொண்டே போடுவானாம். ஒரு காதில் ஹெட்போன், ஒரு கை ஆகாயத்தில்.

எனக்கு நெஞ்சில் முள் குத்தின மாதிரி ஆகிவிட்டது. அவளுக்குப் பேர் விட்டது, காது குத்தியது, சடங்கு சுற்றியது எல்லாவற்றுக்கும் நான்தான் பாட்டு. கல்யாணத்துக்கு மட்டும் அசலூர்க்காரனா? அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை. (மத்தியானம் ஒரு பிரியாணிப் பொட்டலம் உள்ளே போனதைக் கோமு சொல்லுவாள், நம்ப வேண்டாம்.) கடைசியில் பேத்தி இறங்கி வந்தாள். கை வைத்து ஆட்டுகிற மாதிரி ஒரு கருவி வாங்க வேண்டும், மூன்று மாதத்தில் பழக வேண்டும், அவள் முன்னால் ஒரு பரீட்சை: “தாத்தா, லேப்டாப்ப சேலை போட்டு மூடிருவேன். பாக்காம ரெண்டு பாட்டச் சேத்துக் காட்டுங்க. சேந்துச்சுன்னா மண்டபம் ஒங்களுக்கு. சேரலன்னா பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னு பன்னீர் தெளிங்க!”

கம்பெனிக்காரன் மறந்த மாடல்

மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். “லேப்டாப்ல என்ன பிரச்சனைங்கய்யா?” என்று விற்பனைத் தம்பி கேட்டான். லேப்டாப்பில் சத்தம் வெளியே போக ஒரே வழிதான். அடுத்த பாட்டை நான் சரிபார்க்க அமுக்கினால் மண்டபமும் சேர்ந்து கேட்கும். அப்படித்தான் ஒரு வளைகாப்பு வீட்டில், முந்தின நாள் துட்டி வீட்டுக்குப் போட்ட ஒப்பாரி எடுத்துக்கொண்டது. பிள்ளைத்தாய்ச்சி சிரித்துவிட்டாள், மாமியார்தான் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

தம்பி ஒரு பெட்டியைக் காட்டினான். கன்ட்ரோலர். இரண்டு பக்கமும் உருட்ட இரண்டு சக்கரம், நடுவில் திருகுகள், கீழே விளக்கெரியும் ரப்பர் பொத்தான்கள். லேப்டாப்பில் சொருகினால், இந்தப் பாட்டு ஸ்பீக்கர் வழியாக ஊருக்கு, அடுத்த பாட்டு ஹெட்போன் வழியாக எனக்கு மட்டும். பக்கத்திலேயே டர்ன்டேபிள். நிஜத் தட்டு, நிஜ ஊசி. பார்த்ததும் எனக்கு அதன்மேல்தான் ஆசை. தட்டு சுற்றுவது கடைசி நாற்காலி வரைக்கும் தெரியுமே. “நீங்க எந்த மாதிரி மியூசிக் போடுவீங்க?” என்று கேட்டான். “சடங்கு, காதுகுத்து, கோவில் கொடை” என்றேன். தம்பி பெட்டியை ஒருமுறை, தட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தான்: “சடங்குக்குன்னு கம்பெனிக்காரன் தனியா மாடல் விடலையேங்கய்யா.”

அம்மி

வாங்குவதற்கு முன் தட்டைப் பழகிப் பார்க்க வேண்டுமே. கடையநல்லூர் காதர் பாய் துபாய் ஓட்டலில் லைட் போட்டவர். வரும்போது இரண்டு டர்ன்டேபிள் கொண்டுவந்து பீரோ மேல் ஏற்றி வைத்திருந்தார். “கொண்டு போங்க அண்ணாச்சி, இங்கன சும்மாதான இருக்கு” என்று கொடுத்தார். இந்தத் தட்டில் பாட்டு இருக்காது. வெறும் கீச்சுச் சத்தம்தான். அதை ஊசி படித்து லேப்டாப்புக்குச் சொல்லும். பாட்டு அங்கிருந்து வரும். ஊசி குதித்தால் பாட்டும் குதிக்கும்.

குருவிகுளத்தில் ஒரு கல்யாணம். பலகை மேடை. சனங்கள் நடக்க நடக்க, ஊசி பல்லவியிலிருந்து சரணத்துக்குத் தாவுகிறது, சரணத்திலிருந்து பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குத் தாவுகிறது. பாய்க்குப் போன் போட்டேன். அடியில் கனமான கல்லைக் கொடுக்கச் சொன்னார். சமையல்கட்டில் இரண்டு அம்மி கிடந்தது. தட்டுக்கு ஒன்று. அப்புறம் ஊசி அசைய வேண்டுமே!

தாலி கட்டியாயிற்று. “அம்மி எங்கவே?” என்று ஒரு கூச்சல். மண்டபமே தேடி, கடைசியில் என் மேசைக்கு வந்து நின்றது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு டர்ன்டேபிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க, மாப்பிள்ளை பெண்ணின் காலை மேசை மேலிருந்த அம்மியில் வைத்து மெட்டியைப் போட்டார். மேசை இடுப்பு உயரமாச்சே என்று கேட்காதீர்கள். இந்த இடத்தில் வால்யூம் கூடுதல். பக்கத்தில் இன்னொரு தட்டு பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த ஐயர் கேட்டார்: “ஓய், அம்மி மிதிச்சாச்சு. அருந்ததிக்குப் பதிலா அந்தச் சுத்துற தட்டக் காட்டிரட்டுமா?”

ரெண்டாவது தறி

ஊர் ஊராக அம்மி சுமக்க என் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. பாயிடம் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை வாங்கினேன். பெட்டியில் ஊசி கிடையாது, மேடை ஆடினால் ஆடட்டும். இன்னொரு சந்தோஷமும் இருந்தது. அதில் சிங்க் என்று ஒரு பொத்தான். அமுக்கினால் இரண்டு பாட்டின் வேகத்தையும் பெட்டியே ஒன்றாக்கிவிடும். பரீட்சை முடிந்த மாதிரிதான் என்று ஆளில்லாத வீட்டில் ஓர் ஆட்டம் போட்டேன். அடுத்த வாரம் ஊருக்கு வந்த பிரியா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைப்பையிலிருந்து இரண்டு ஸ்டிக்கர் பொட்டு எடுத்தாள். இரண்டு சிங்க் பொத்தானிலும் ஒட்டினாள். பொட்டு பேர்ந்திருந்தால் மதுரைக்காரன்தான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அப்புறம் பட்டேன் பாருங்கள் பாடு! ஒரு பாட்டு முன்னே ஓடும், ஒன்று பின்னே ஓடும். இரண்டு பேர் ஒரே ஏணியில் இறங்கி உருளுகிற மாதிரி இருக்கும். கோமு காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இசக்கியின் விசைத்தறிக் கொட்டகை. இரண்டு தறி. அந்தச் சத்தத்தில் நாற்பது வருஷமாக நான் தூங்கியிருக்கிறேனே தவிர, ஒருநாளும் காது கொடுத்ததில்லை. ஒருநாள் நான் வேர்த்து விறுவிறுத்துச் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலே இசக்கியின் தலை தெரிந்தது: “அண்ணாச்சி, ஒங்க ரெண்டாவது தறி வேகமா ஓடுது. கொஞ்சம் இழுத்துப் பிடிங்க!”

கரண்ட் போன நேரம்

மறுநாளிலிருந்து இசக்கியின் கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு தறி ஒரே வேகத்தில் ஓடவே ஓடாது. விலகும், விலகும், பிறகு மெல்ல நெருங்கி, ஒரு நொடி ஒரே தறி மாதிரி அடிக்கும், மறுபடி விலகும். அந்த ஒரு நொடி வருமுன்னே அது வருகிறது என்று காதுக்குத் தெரிய வேண்டும். தெரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. வீட்டுக்கு வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் தறி மேலேயே பாட்டை உட்கார வைத்துப் பழகினேன்.

பரீட்சை நாள். பிரியா லேப்டாப்பைக் கோமுவின் சுங்குடிச் சேலையால் மூடினாள். பொட்டுகள் ஒட்டினபடியே இருப்பதை நகத்தால் நெருடிப் பார்த்தாள். தறிச் சத்தம் பின்னால் இருக்கிற தைரியத்தில் முதல் பாட்டைத் தொடங்கினேன். கரண்ட் போய்விட்டது. என் ஆம்ப்ளிபயர் பேட்டரியில் ஓடும், லேப்டாப்பும் பெட்டியும் ஓடும், தறி ஓடுமா? தெருவே கப்பென்று அடங்கிவிட்டது. பன்னீர்ச் செம்பு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

கண்ணை மூடினேன். ஹெட்போனில் இரண்டாவது பாட்டைத் தொட்டேன். பிந்துகிறது. ஒரு நூல் கூட்டினேன். முந்துகிறது. அரை நூல் குறைத்தேன். நெருங்குகிறது, நெருங்குகிறது என்று காது சொன்னதும் இரண்டாவது பாட்டை ஸ்பீக்கருக்கு ஏற்றிவிட்டேன். கோமு பஞ்சை எடுத்துவிட்டாள். தறி நின்றுபோனதால் சும்மா இருந்த இசக்கி அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான்: “என்ன அண்ணாச்சி, ஒத்தத் தறிதான ஓடுது? ரெண்டாவத நிப்பாட்டிட்டியளா?”

கட்டை விரல்

பிரியா அங்கேயே மதுரைக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ரிசப்ஷன் அன்று பன்னீர்ச் செம்பு கோமு கைக்குப் போனது. நான் நின்றேன். ஒரு காதில் ஹெட்போன். தேவைப்பட்டபோது இரண்டு கையும், தேவைப்படாதபோது ஒரு கையும் ஆட்டினேன். பாட்டோடு பாட்டு ஒட்டின இடம் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒட்டினதே தெரியவில்லை என்றால் யார் பாராட்டுவார்கள், சொல்லுங்கள்! பாட்டு தானாக ஓடுகிறது என்று நினைத்தே சம்பந்தி வீட்டார் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்போது வந்தது மஞ்சள் பை. ஆவுடையம்மாள் என் பெட்டியை, அதில் மினுக் மினுக்கென்று எரியும் பொத்தான்களைக் குனிந்து பார்த்தார். “மிஷின மாத்திட்டாங்களா அண்ணாச்சி?” என்று கேட்டுக்கொண்டே, நான் வாயைத் திறக்குமுன் சிவப்பாக எரிந்த பொத்தானில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். அதில்தான் நான் பஸ் ஹாரன் சத்தத்தை ஏற்றி வைத்திருந்தேன். ‘பாம்ம்… பாம்ம்… பாம்ம்!’ மண்டபம் அதிர்ந்தது. பந்திக்குப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி ஓடிவந்து ஆட ஆரம்பித்தார்கள். மேடையில் பிரியா சிரித்த சிரிப்பில் மாலையிலிருந்து மல்லிகை உதிர்ந்தது. மறுநாள் பூ மார்க்கெட்டில் விலை இறங்கிவிட்டதாகக் கேள்வி. ஆவுடையம்மாள் மட்டும் பயப்படவில்லை. கட்டை விரலை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்: “ஏட்டி பிரியா, ஒங்க தாத்தா மிஷின்ல எனக்குக் கைரேகை விழுந்துட்டு!”

ஆகவே, தட்டா பெட்டியா என்று குழம்பிக்கொண்டிருக்கும் என் சக பாவப்பட்டவர்களே, விலையையும் சக்கரத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆவுடையம்மாளின் கட்டை விரல் பதிகிற அளவுக்குப் பொத்தான் பெரிதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.