வேலுத்தாய் கட்டிய பெட்டி

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு வேலுத்தாய் வீடு. நானும் அவளும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் பல வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து பெட்டி கட்டியவர்கள். நான் பத்துப் பெட்டி கட்டினால் அவள் ஏழு கட்டுவாள். மேஸ்திரி ஏசுவார். அவள் காதிலேயே வாங்க மாட்டாள். கட்டி முடித்த பெட்டியைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டுவாள். உள்ளே சின்னதாக ஒரு சத்தம் வந்தாலும் பிரித்து மறுபடி கட்டுவாள். வெடி ஒன்றோடொன்று உரசக்கூடாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவள் வீட்டில் தட்டு அடுக்கும்போதுகூட இடையில் துணி வைப்பாள். அப்படிப்பட்ட கை.

பிறந்தது வெம்பக்கோட்டைப் பக்கம். மழை பெய்தால் காட்டு வேலை, இல்லையென்றால் அதுவும் இல்லை. கல்யாணமாகி வந்த மறுவாரமே கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளையும் இல்லை. கடைசி மூன்று வருஷம் ஆள் பற்றவில்லை என்று அவளை வெடிமருந்து கலக்குகிற மருந்து அறையில் போட்டார்கள். வெள்ளைப் பொடியும் கந்தகமும் நெஞ்சில் இறங்கி, ராத்திரி பகல் என்றில்லாமல் இருமினாள். இனி மருந்துப் பக்கம் போனால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெட்டி கட்டுகிற வேலை கேட்டுப் பார்த்தாள். இளவட்டப் பெண்கள் நிறைய இருக்கிறார்கள், மருந்து வேலைதான் இருக்கிறது என்றார்கள். 2003 தீபாவளி சீசனோடு அவள் நின்றுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ராஜபாண்டியன் எங்கள் தெருவுக்குக் காரில் வந்தார். விருதுநகரில் பெரிய வியாபாரக் குடும்பம். பருப்பு மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு இவர் பழைய கண்ணாடிச் சாமான் சேர்க்கிறாராம். பழைய வீடுகளை இடிக்கிற இடத்தில் போய் நின்று, விளக்குச் சிமினி, அத்தர் பாட்டில், பூப்போட்ட தட்டு, கல்யாணக் கூடத்தில் தொங்கவிடுகிற ரசகுண்டு எல்லாம் வாங்குவார். ரசகுண்டு என்றால் உள்ளே ரசம் பூசிய பெரிய கண்ணாடி உருண்டை. முகம் பார்க்கலாம், ஊதினால் உடைந்துவிடும் போல இருக்கும். அதையெல்லாம் பெங்களூருக்கும் கொச்சிக்கும் பார்சல் லாரியில் அனுப்புகிறார், பாதி உடைந்து போகிறது, அதனால் நல்ல கைப்பக்குவம் உள்ள ஆள் வேண்டும் என்றார்.

எனக்கு அப்போதே சந்தேகம். "உடையுற சாமான எதுக்குய்யா லாரியில ஏத்துதீக?" என்று கேட்டேன்.

"பழசுக்கு ஆசைப்படுறவுக இருக்காக பாட்டி."

"அப்ப என்னையும் ஒரு பெட்டியில போட்டு அனுப்பிருவீகளா?"

அவர் சிரித்தார். வேலுத்தாய் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் விருதுநகர் போய்விட்டாள்.

நான் அப்போது சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். காலண்டர் ஓரம் வெட்டிய காகிதச் சீவல் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதைக் கேட்டு வாங்கி வேலுத்தாய்க்குக் கொடுப்பேன். அந்தச் சீவல்தான் அவளுக்கு மெத்தை. குண்டை முதலில் மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றுவாள். அதன் வாயில் இருக்கிற பித்தளை மூடியைக் கழற்றித் தனியே வைப்பாள். சின்னப் பெட்டியில் சீவல் போட்டு அதை இருத்தி, அந்தப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் நாலு விரல் இடைவெளி விட்டு அதிலும் சீவல் திணிப்பாள். தட்டைப் படுக்கவைக்க மாட்டாள், நிறுத்தித்தான் வைப்பாள். பிறகு காதோரம் வைத்து ஒரு ஆட்டு.

முதல் லோடு ஒரு கூத்து. பெட்டிக்கு எங்கே போவது என்று கம்பெனி வாசலில் கிடந்த பழைய பட்டாசு அட்டைப் பெட்டிகளைக் கொண்டுபோய்விட்டாள். எங்களுக்குப் பெட்டி என்றால் அதுதான். மேலே பூச்சட்டி எரிகிற படம். பார்சல் ஆபீஸ் கிளார்க் பார்த்துவிட்டு, லைசென்ஸ் இல்லாமல் வெடி அனுப்புகிறார்கள் என்று போலீஸுக்குப் போன் போட்டுவிட்டார். எட்டுப் பெட்டியையும் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அட்டையை ஒட்டுப் பிரித்து, படம் உள்பக்கம் போகிற மாதிரி திருப்பி ஒட்டினாள்.

ஒரு வருஷம் ஒன்றும் உடையவில்லை. அவள் இருமலும் குறைந்தது. பிறகுதான் கொச்சிக்காரர் ஆரம்பித்தார்.

அவருக்குப் போன பெட்டியில் ஒரு குண்டு உடைந்துவிட்டது என்று போன் வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. மூன்றாவது மாதம் நீல ரசகுண்டு, ராஜபாண்டியனே நாலு வருஷம் அலைந்து பிடித்தது. எப்போதும் ஒன்றுதான் உடைகிறது, எப்போதும் இருப்பதிலேயே நல்லதுதான் உடைகிறது. பெங்களூருக்குப் போவது ஒன்றும் உடைவதில்லை. கொச்சிக்காரரே நல்லதை அமுக்கிக்கொண்டு உடைந்த கதை சொல்கிறாரோ என்று நான் கேட்டபோது யாரும் காது கொடுக்கவில்லை.

ராஜபாண்டியனுக்குச் சந்தேகம் கொச்சிக்காரர் மேல் வரவில்லை. வேலுத்தாய் மேல் வந்தது. விரிசல் விட்டதை உள்ளே வைத்துக் கட்டிவிட்டு நல்லதை வெளியே கொண்டுபோகிறாளோ என்று. ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில், லோடுமேன்கள் நிற்கும்போதே, "பையைத் திற" என்று சொல்லியிருக்கிறார். கம்பெனியில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தினமும் மடியைத் தடவித்தான் உள்ளே விடுவார்கள், அதற்கு நாங்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை. இது வேறு. பையில் சோற்றுத் தூக்குச்சட்டியும் மாத்திரையும்தான் இருந்தன. அதற்குள் சேதி எங்கள் தெருவுக்கு அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வேலுத்தாய் கண்ணாடி திருடினாளாம்.

நானும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த வாரம் அவள் வீட்டு அலமாரியில் ஒரு நீலப் பாட்டிலைப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து அதுவே கண்ணுக்குள் நின்றது. மூன்று நாள் பொறுத்துக் கேட்டேவிட்டேன்.

"ஏத்தா, அது யாரு குடுத்தது?"

அவள் எடுத்து என் கையில் வைத்தாள். அடிப்பாகம் பெயர்ந்து ஓட்டையாக இருந்தது.

"குப்பையில போட்டாரு. கலரு நல்லாருக்கேன்னு எடுத்தேன். நீங்களுமா சின்னம்மா?"

"ஆமா, நானுந்தான்" என்றேன். கேட்டது கேட்டாகிவிட்டது, இல்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவளாகவே வந்தாள். "மொதலாளி கணக்க முடிச்சுக்கோன்னு சொல்லுதாரு சின்னம்மா. அங்கன வேலை போனா எனக்கு மருந்து ரூம்தான். உடைஞ்ச குண்டப் பெட்டியோட, பேப்பரோட திருப்பி அனுப்பச் சொல்லுங்கன்னு கேட்டேன். நாளைக்கு வருதாம். நீங்க கூட வாங்க."

போனேன். ராஜபாண்டியன் வீட்டு முற்றத்தில் பெட்டி இருந்தது. திறந்தால், உடைந்த சில்லுகளைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி மேலே வைத்திருந்தார் கொச்சிக்காரர். கீழே என் சீவல் அப்படியே இருந்தது.

வேலுத்தாய் சில்லுகளைத் தொடவே இல்லை. அந்த வீட்டு அடுப்படியில் கொஞ்சம் கோதுமை மாவு கேட்டு வாங்கி, தண்ணீர் விட்டு உருண்டையாகப் பிசைந்தாள். வீட்டில் டம்ளர் உடைந்தால் தரையில் கிடக்கிற பொடிச் சில்லை எடுக்க நாங்கள் செய்வதுதான். சீவலைப் பாயில் கொட்டிப் பரப்பி, உருண்டையை அதன்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பெட்டியின் மூலையெல்லாம் ஒற்றினாள். பிறகு வெயிலில் காட்டினாள். மாவு மாவாகவே இருந்தது.

"இதுக்குள்ள எதுவும் உடையல மொதலாளி."

"அவரு பேப்பரை உதறிட்டு வச்சிருப்பாரு" என்றார் அவர்.

"அதையும் பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த விரிசல் சிமினி ஒன்றைக் கேட்டாள். அதே மாதிரி தாள் சுற்றி, புதுச் சீவல் போட்டு, பெட்டியில் கட்டினாள். கட்டியதைத் தூக்கி மாடிப்படியிலிருந்து கீழே போட்டாள். உள்ளே நொறுங்குகிற சத்தம் கேட்டது. பிரித்து, சில்லைப் பொறுக்கி எடுத்துவிட்டு, "நீங்களே உதறுங்க" என்று சீவலை அவரிடம் கொடுத்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் உதறினார். வேலுத்தாய் இன்னோர் உருண்டையை ஒற்றி எடுத்தாள். அது வெயிலில் மினுமினுத்தது.

ராஜபாண்டியன் இரண்டு உருண்டையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வருமென்று நினைத்தேன். அவர் எழுந்து உள்ளே போய்க் கொச்சிக்குப் போன் பேசினார். வெகு நேரம் பேசினார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"வேலுத்தாயி, அவரு பெரிய பார்ட்டி. பேக்கிங்ல தப்பு, ஆளை மாத்திட்டேன்னு சொன்னாத்தான் இனி வாங்குவேங்காரு. பேருக்கு அப்படிச் சொல்லிக்கிடுதேன். நீ பாட்டுக்கு வேலைக்கு வா."

"வேலை இருக்கும், பேரு போயிரும். அப்புறம் என் கையில எவன் சாமான் குடுப்பான்?"

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமுல்ல" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள்.

மறு வாரம் அவள் மருந்து அறைக்குப் போய்விட்டாள். போகாதே என்று வாசலில் குறுக்கே உட்கார்ந்து பார்த்தேன். என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். ரெண்டே நாளில் சுவருக்கு இந்தப் பக்கம் இருமல் கேட்டது. முதலாளிக்கும் கொச்சிக்காரருக்கும் ஏற்பாடே இதுதானோ, இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்களோ என்றுகூட நினைத்தேன். இன்றைக்கும் அது பொய்யென்று யாரும் எனக்கு நிரூபிக்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் கார் வந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம், குடத்தோடு இருபது பேர் நின்றோம். வேலுத்தாய் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் நின்றாள். ராஜபாண்டியன் இறங்கி வந்தார். வேற ஆளை வைத்துக் கட்டியதில் பெங்களூர் பெட்டியில் ஆறு சிமினி போய்விட்டதாம். அதே கை கட்டினால்தான் இனி ஆர்டர் என்று பெங்களூர்க்காரர் சொல்லிவிட்டாராம்.

"கொச்சிக்காரர விட்டுட்டேன், வேலுத்தாயி. நீ வா."

"நீங்க விட்டீகளா, அவரு விட்டாரா?" என்று நான் கேட்டேன்.

அவர் கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

வேலுத்தாய்தான் பேசினாள். "வாசல்ல வச்சுப் பையத் தொறக்கச் சொன்னீக. அது இந்தத் தெரு பூரா தெரியும். இப்ப இங்கனயே சொல்லுங்க."

அவர் காரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேலுத்தாயி எதையும் எடுக்கல. அவ கட்டின பெட்டியில எதுவும் உடையல. நாந்தான் தப்பா நெனைச்சிட்டேன்" என்றார்.

குடம் நிறைந்து வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு தரம் இருமினாள். பிறகு காரை நோக்கி நடந்தாள்.

நான் விடவில்லை. "கடைசியில நிக்கிறவுகளுக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னார்.