கதைக்கத்தான் கேட்டேன்

இத்தாலியில் கால்சா என்ற பகுதியில் நான் வேலை செய்கிற வீட்டின் அம்மா, சிஞ்ஞோரா, பல்கலைக்கழகத்தில் அமெரிக்க இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமைகளில் அவருடைய நண்பர்கள் கூடி நாவல்களைப் பற்றிப் பேசுவார்கள். நான் கோப்பி கொண்டுபோவேன். சாதாரண மனிதரின் வாழ்க்கையை உள்ளபடி எழுதிய மேதைகள் என்று பழைய அமெரிக்க நாவலாசிரியர்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். அந்தச் சாதாரண மனிதர் எவரும் அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கோடை விடுமுறை முடிந்து அவர்கள் பேசவிருந்த தடித்த நாவலை இரவல் வாங்கினேன். சிஞ்ஞோராவின் மொண்டெல்லோக் கடற்கரை வீட்டுக்குத் துப்புரவு செய்யப் போகும் பஸ்ஸில், கோடை முழுக்க இத்தாலிய மொழியில் வாசித்தேன். ஒரு விஷயம் உறுத்தியது. அந்த நாவலில் எல்லோருக்கும் மனம் இருக்கிறது, யோசனை பக்கம் பக்கமாக ஓடுகிறது. கதவு திறக்கும் வேலைக்காரிக்கு மட்டும் இரண்டு கைகள்தான். உள்ளபடி எழுதிய மேதை அவளுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதை அந்தக் கூட்டத்தில் சொல்லியே தீரவேண்டும் என்று மனம் துடித்தது.

"உமக்கேன் தேவையில்லாத வேலை?" என்றார் கணவர்.

"வாசிச்சனான்தானே. அங்கை போய்க் கதைச்சா என்ன பிழை?"

அந்த நாவலைப் பேச அவர்கள் கூடிய வியாழன், கோப்பித் தட்டை வைத்துவிட்டு, நானும் கதைக்கலாமா என்று கேட்டேன். கேட்ட சொல்தான் காரியத்தைக் கெடுத்தது. எங்கள் ஊர்த் தமிழில் கதைப்பதென்றால் பேசுவது. கதை என்ற சொல் நாக்கில் முந்திக்கொள்ள, இத்தாலிய மொழியில் 'பர்லாரே' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'ராக்கொந்தாரே' என்றுவிட்டேன். பேசலாமா என்பது, கதை சொல்லலாமா என்றாகிவிட்டது.

எல்லோரும் உடனே என் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் எழுந்து கதிரை தந்தார். இன்னொருவர் கைபேசியில் ஒலிப்பதிவைத் தட்டினார். போர், கடல், வந்த வழி என்று கேள்விகள் வந்தன.

"இல்லை, நாவலைப் பற்றி" என்றேன்.

"அது கிடக்கட்டும். உன் வாழ்க்கையே ஒரு நாவல்" என்றார் சிஞ்ஞோரா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இன்றுவரை அதுதான் பெரிய எரிச்சல்.

எல்லோரும் போனபின்னும் நான் விடவில்லை. கோப்பைகளைக் கழுவாமல் போட்டுவிட்டு, நாவலைப் பற்றி நினைத்ததையெல்லாம் சிஞ்ஞோராவிடம் சரியான சொற்களில் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நல்லாய்க் கவனித்திருக்கிறாய். வீட்டு வேலை செய்கிறவளுக்கு அந்தப் பெண் கண்ணில் படுவது இயல்புதானே" என்றார்.

"வாசித்ததால் கண்ணில் பட்டது" என்றேன்.

அவர் சிரித்தபடி என் தோளைத் தட்டி, அடுத்த வியாழன் ஊர்ப் படங்கள் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.