கடைசி அடி இல்லாத கீர்த்தனை

தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த மாமாவின் வலது கை, சரணத்தின் முடிவில் அப்படியே அந்தரத்தில் நின்றது. எழுபதுகளின் பிற்பகுதி. ஆலங்காயத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தங்கையைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கை ஏன் நின்றது என்பது அங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும்: மாமாவுக்கு, பாடிக்கொண்டிருந்த தங்கைக்கு, எனக்கு.

மாமா என் அம்மாவின் தம்பி. காவலூரைத் தாண்டி மலைக்குள் இருந்த சிறு மருந்தகம் ஒன்றில் கம்பவுண்டர். மருந்துப் புட்டியைக் குலுக்கும்போதும் ஆதி தாளம் பிசகாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலையில் இருந்த அம்மன்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கீர்த்தனை கட்டினார். பாட்டையும் மெட்டையும் தாமே கட்டிய பெரிய வாக்கேயக்காரர்கள் சரணத்தின் கடைசி அடியில் தம் முத்திரையை வைப்பதுபோல், இவரும் ‘ஜவ்வாதுதாசன்’ என்று வைப்பார். அவர் நினைத்தது தான் வேலை பார்த்த ஜவ்வாது மலையை. கேட்பவர்களுக்கு ஞாபகம் வந்ததோ வாசனைப் பொடி. “புனுகுதாசன் வந்தாச்சா?” என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

“பாட்டு பூரா அம்மனுக்குடா. கடேசி அடி மட்டும்தான் எனக்கு,” என்பார் மாமா. “நம்ம வூட்டு ஆளா இல்லாத ஒருத்தரு கேட்டுட்டு, இது யாரு பண்ணதுன்னு ஒரு வாட்டி கேட்டாப் போதும்.”

அதற்கு முன் தங்கைக்கு இரண்டு வரன்கள் தட்டிப் போயிருந்தன. அப்பா இல்லாத வீட்டில் பொறுப்பு என்னுடையது. மாப்பிள்ளையின் அப்பா சங்கீதம் தெரிந்தவர் என்று தரகர் சொல்லியிருந்தார். தங்கைக்குப் பிசகில்லாமல் வந்தது மாமாவின் கல்யாணி ராகப் பாட்டு ஒன்றுதான். அன்று காலை சமையலறையில் அவளிடம், “கடேசி அடிய வுட்டுட்டுப் பல்லவிக்குப் போய்டு,” என்றேன்.

“மாமா எதிர்லயே உக்காந்திருப்பாரேண்ணா.”

“ஜவ்வாதுன்னு பாடினா சிரிச்சிட்டுப் போய்டுவாங்க.”

அவர்கள் வந்ததும் அவள் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். நான் சொன்னபடியே பாடினாள்.

முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா கண்ணைத் திறந்தார். “இன்னா அழகான பாட்டு! நான் கேட்டதே இல்லீங்களே. யாரு பண்ணது?”

மாமா நிமிர்ந்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். “தெரியலைங்க. யாரோ பழைய ஆளு.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்குத் தெரியுங்க.” எனக்கு வியர்த்துவிட்டது. “மலையில இருந்தவருங்க. பெரிய வாக்கேயக்காரங்களுக்கு ராஜா பொன்னு குடுப்பாரு. இவருக்கு மலைக்காரங்க சாமையும் புளியும் குடுத்தாங்க. பாடறதுக்கு இல்லீங்க, நிறுத்தறதுக்கு!” கூடமே சிரித்தது. “ஒரு வாட்டி அம்மனே கனவுல வந்துச்சாம். வரம் குடுக்கத்தான் வருதுன்னு இவரு எழுந்து உக்காந்தா, ‘எப்பா, இந்த ராகம் போதும், வேற மாத்து’ன்னு சொல்லிட்டுப் போய்டுச்சாம்.”

மாப்பிள்ளையின் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அவரு பேரு இன்னாங்க?”

“பேரா? சொந்தக்காரங்களுக்கே தெரியலையாம். நமக்கு எங்கங்க தெரியும்?”

அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் நிச்சயமானது.

மாமா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்துக்கு வந்தார், பந்தியில் பரிமாறினார், சாப்பாடு போதுமா என்று என்னைக்கூட விசாரித்தார். அதன் பிறகு அவர் புதிதாக எதையும் பாடி நான் கேட்கவில்லை. எதுவும் கட்டினீர்களா என்று நானும் கேட்கவில்லை. சில வருடங்களில் மலையிலேயே இறந்துபோனார்.

போன மாதம் தங்கை வீட்டு விசேஷத்தில் அவள் கணவர் அந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னார். அம்மன் கனவில் வந்த இடத்தில், தன் அப்பாவைப் போலவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கை மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. பிறகு அவள் மகள் அந்தக் கல்யாணியைப் பாடினாள், அம்மாவிடம் கற்றுக்கொண்டபடியே. முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, சரணத்துல ஒரு அடி குறையற மாதிரி இருக்கு. கடேசி அடி இன்னா மாமா?”

அந்த அடி எனக்கு மனப்பாடம்.

“பழைய பாட்டும்மா,” என்றேன். “இவ்ளோதான் கிடைச்சிருக்கு.”